ரோடு சுத்தம் என்று நான் எழுதிய காலை

காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். முதலில் நான் பார்த்தது ஒரு சக்கரம். லாரியின் முன் சக்கரம். தனியாக வருகிறது. ரோட்டை விட்டு இறங்கி, ரப்பர்ப் பால்மரங்களின் இரண்டு நிரைகளுக்கு நடுவே நேராக உருண்டு போகிறது. ஒரு மரத்திலும் முட்டவில்லை. சத்தம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். என் காது அதைப் பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

ஓடுகிறேன். சரிவில் செம்மண் தூசி. தூசிக்குள் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மேட்டிலிருந்து சுடுகிறார்கள். ஒற்றை ஒற்றையாக. ஒன்பது எண்ணினேன். பெண்கள் பின்பக்கமாகக் குதிக்கிறார்கள். என்னோடு காவலுக்கு நிற்கும் யூசோப் எனக்கு முன்னால் ஓடுகிறான். கத்துகிறான்.

"படுங்க! லாரிக்கு அடியில போகாதீங்க! படுங்க!"

ஒன்பதாவது வேட்டுக்குப் பிறகு எதுவும் இல்லை. எஞ்சினிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும்.

1951. செவ்வாய்க்கிழமை. மலாயாவில் சுவா ஊருக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயத்து வேலியிலிருந்து ஒன்பதாம் நம்பர் வேலைக்காட்டுக்குப் போகும் செம்மண் ரோடு. லாரியில் டிரைவர் ஒருவர். களை வெட்டப் போன பெண்கள் இருபத்தொரு பேர். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் தொடங்கியதிலிருந்து யாரும் அந்த ரோட்டில் நடந்து போகக்கூடாது. லாரியில்தான் போகவேண்டும். லாரி போகும் முன் ரோட்டைச் சோதிக்க வேண்டும். சோதிப்பவன் நான்.

அன்று காலை ஐந்து ஐம்பதுக்குத் தொடங்கினேன். ஆறு இருபதுக்கு முடித்தேன். காவல் கொட்டகையின் புத்தகத்தில் எழுதினேன். ரோடு சுத்தம். ஒன்றும் இல்லை.

ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலைக்கு வருமுன் சிரம்பானில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி எழுதினேன். அங்கேயே ரஹாங் பகுதியில் ஒரு அறையில் குடியிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் கண்ணிவெடி தேடும் கருவியை என் தோளில் மாட்டினார்கள். ஒரு கழி. கழியின் நுனியில் தட்டையான ஒரு வட்டம். முதுகில் பேட்டரி. இடுப்பில் சின்னப் பெட்டி. காதில் ஹெட்போன். பெட்டியில் இரண்டு திருகுகள். ஒன்று சமன் பார்ப்பதற்கு. மற்றது ஒலியைக் கூட்ட, குறைக்க. லயத்தில் அந்த வட்டத்தைச் சட்டி என்றார்கள். என்னைச் சட்டிக்காரன் என்றார்கள்.

பயிற்சி மூன்று நாள். சிரம்பானில் ஒரு பந்துத் திடலில். மணல் கலந்த புல்தரை. சட்டியை இடுப்புயரம் தூக்கிப் பிடிக்க வேண்டும். சத்தம் அடங்கும்வரை சமன் திருகைத் திருப்ப வேண்டும். பிறகு கீழே இறக்கி நடக்க வேண்டும். இரும்பு இருந்தால் கத்தும். இல்லாவிட்டால் கத்தாது. திடலில் அது சரியாகவே நடந்தது.

தோட்டத்து ரோட்டில் நடக்கவில்லை. செம்மண்ணிலேயே இரும்பு இருக்கிறது. சட்டியைக் கீழே இறக்கினாலே காதில் ஓலம். அது பாதிதான். மீதியைத் தோட்டத்து வழக்கம் செய்தது. லாரி ஓடி ஓடி ரோட்டில் குழி விழும். குழியை அடைக்கக் கல் தரமாட்டார்கள். ஸ்டோருக்குப் பின்னால் குப்பை மலை இருந்தது. மரத்திலிருந்து பால் வடியும் தகரப் பீலிகள், துருப்பிடித்தவை. பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணங்களைத் தாங்கும் கம்பிகள். மங்கு என்கிற அந்தக் கிண்ணங்கள், உடைந்தவை. களை வெட்டும் பெண்கள் அவற்றைக் கூடையில் சுமந்து வந்து குழியில் கொட்டி மேலே செம்மண் போட்டு மிதிப்பார்கள். பத்து வருடமாக அப்படித்தான். அந்த அரை மைல் ரோடு முழுக்கத் தகரம்.

அதனால் கருவி ஓயாமல் கத்தியது. இரண்டாம் வாரமே ஒலித் திருகைக் குறைத்தேன். கத்தல் நிற்கும்வரை குறைத்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அரை மைலை அரை மணியில் முடித்தேன். தினமும் சுத்தம் என்று எழுதினேன்.

வெடி இருந்தது அப்படி அடைத்த ஒரு குழியில். வைத்தவர்களுக்கு அந்த ரோடு தெரிந்திருந்தது.

பகல் பன்னிரண்டுக்குப் போலீஸ் துரை வந்தார். பள்ளத்தைச் சுற்றி நடந்தார். பீலிகளைப் பொறுக்கிப் பார்த்தார். புத்தகத்தைக் கேட்டார். என் எழுத்தைப் படித்தார். அவருடைய கணக்கு எளிது. ஆறு இருபதுக்கு ரோடு சுத்தம். ஆறு நாற்பத்திரண்டுக்கு வெடி. நடுவில் இருபத்திரண்டு நிமிடம். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் போனது ஒரே ஆள். களைக் கும்பலின் மேஸ்திரி, மண்டோர் சின்னையா. முன்னால் போய் வேலையை அளந்து வைக்கச் சைக்கிளில் போனார். தவிர, குழி அடைப்பதும் அவருடைய கும்பல்தான்.

நான் குறுக்கிட்டேன். கருவியின் ஒலியைக் குறைத்து வைத்திருந்தேன், அது பொய் சொல்லியிருக்கலாம் என்றேன். கருவி அரசாங்கத்துடையது, அது பொய் சொல்லாது என்றார். சின்னையாவை அடைத்து வைக்க வெள்ளிக்கிழமை பகலில் தடுப்பு முகாமுக்குக் காகிதம் போகும் என்றார். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஏறினார்.

சின்னையாவின் மனைவி அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். அந்தக் கும்பலில் எல்லோரும் கேட்டு நடப்பது அவர் சொல்லைத்தான். லாரியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தார். இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஜீப் போனது. பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி. எங்க வீட்டுக்காரரப் புடிச்சது அந்தத் தொர இல்ல. ஒங்க சட்டி."



புதன்கிழமை காலை ஐந்தரை. பெரட்டுக் களம். பெயர் கூப்பிடுகிறார்கள். களைக் கும்பல் வரிசையில் நிற்கவில்லை. பதின்மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரோட்டில் காலை வைக்க மாட்டோம் என்றார்கள். தோட்டத் துரை வந்தார். வேலைக்குப் போகாதவர்களுக்கு இந்த வாரம் அரிசி இல்லை என்று ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியைச் சொல்லச் சொன்னார். அந்தக் காலத்தில் அரிசி பங்கீடு. கடையில் போய் வாங்க முடியாது. எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தார்கள்.

"அரிசிய அவரே வெச்சுக்கட்டும். திங்க ஆள் இருந்தாத்தானே அரிசி."

கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை. துரைக்குப் புரிந்தது.

பிறகு அஞ்சலை எழுந்து என் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"அந்த ரோட்டுல எந்தக் குழியில என்ன கெடக்குன்னு எங்களுக்குத் தெரியும். போட்டது நாங்க. எடுக்கவும் தெரியும். ஒங்க சட்டிக்கு ஒழுங்காக் கேக்கத் தெரியுமா? மொதல்ல அதச் சொல்லுங்க."

அன்று பகல் முழுக்க யூசோப்பும் நானும் புகைக்கூடத்துக்குப் பின்னால் இருந்தோம். யூசோப் அந்தத் தோட்டத்து வேலிக்கு வெளியே இருந்த கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், பிறந்த பையன். லயத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவன். தமிழ் பேசுவான். நான் திரும்பி நின்றேன். அவன் செம்மண்ணில் மூன்று சாமான்களைப் புதைத்தான். ஒரு சார்டின் டின். ஒரு கைப்பிடி பீலி. ஒரு பெரிய பால் டின்னின் மூடி. செவ்வாய்க்கிழமை வைத்த அளவிலேயே திருகை வைத்துத் தேடினேன். மூன்றின் மேலும் நடந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"இத்தனை நாளா நீ ரோட்டுல தேடல லா, மணியம்," என்றான். "ரோட்டுக்கு விசிறி விட்டிருக்க."

திரும்பத் திரும்பச் செய்தோம். மாலைக்குள் கற்றுக்கொண்டவை இவை. எழுதி வைக்கிறேன். யாருக்காவது தேவைப்படலாம்.

சமனை ஆகாயத்தில் பார்க்கக்கூடாது. தேடப்போகும் அதே மண்ணில், ஒன்றும் இல்லை என்று தோண்டிப் பார்த்த இடத்தில், சட்டியை ஒரு சாண் உயரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போது மண்ணின் ஓலம் அடங்கிவிடுகிறது. ஒலியைக் குறைக்கத் தேவையே இல்லை. கூட்டலாம்.

சத்தத்தை முழுக்க அடக்கக்கூடாது. ஊசி போல ஒரு மெல்லிய ஒலி காதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முழு அமைதி என்றால் பேட்டரி செத்தாலும் தெரியாது.

சட்டி ஒரே உயரத்தில் போக வேண்டும். ஒரு விரல் ஏறி இறங்கினால் மண் கத்தும். யூசோப் சட்டியின் விளிம்பில் ஒரு நூல் கட்டினான். நூலின் நுனியில் ஒரு ரப்பர் கொட்டை. கொட்டை தரையைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். அதுதான் அளவு.

பத்து அடிக்கு ஒரு முறை நின்று சமனைத் திரும்பப் பார்க்க வேண்டும். பேட்டரி சூடேற ஏற அது நழுவுகிறது. ஆணி அடித்த பூட்ஸ் ஆகாது. பெல்ட் ஆகாது. பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை ஆகாது. துப்பாக்கி ஐந்தடி பின்னால் வர வேண்டும்.

பீலிகள் கிழிந்த சத்தம் தரும். விட்டு விட்டு வரும். தெற்கிலிருந்து வந்தால் ஒரு மாதிரி, கிழக்கிலிருந்து வந்தால் வேறு மாதிரி. பெரிய இரும்பு அப்படி இல்லை. ஒரே நீளமாக ஏறி, ஒரே நீளமாக இறங்கும். எந்தப் பக்கம் வந்தாலும் அதேதான்.

ஆனால் பெரிய இரும்புக்கு மேல் பீலிகளைக் கொட்டினால் கிழிந்த சத்தம் மட்டும்தான் கேட்டது. அதை யூசோப் ஐந்து தடவை செய்து காட்டினான். ஐந்திலும் ஏமாந்தேன். தகரம் ரோட்டில் இருக்கும்வரை எந்த அளவில் வைத்தாலும் கருவியை நம்ப முடியாது. அஞ்சலை சொன்னதுதான் வழி. எடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஏழு ஐந்து. தொடங்கினோம். நான் வெறுங்கால். சாரம், பனியன். பெண்கள் வளையல்களையும் தண்டைகளையும் கழற்றி ஒரு துணியில் முடிந்து லயத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். முறை இதுதான். பெண்கள் இருபதடி பின்னால் நிற்பார்கள். அடுத்த குழி எது, எப்போது அடைத்தது, உள்ளே என்ன என்று அஞ்சலை சொல்வார். நான் சட்டியைக் கொண்டு போவேன். அவர் சொன்னதும் காதில் கேட்பதும் ஒத்துப்போனால், மூங்கில் குச்சியைச் சாய்வாகக் குத்திப் பார்ப்பேன். பிறகு இரண்டு பேர் வந்து கையாலேயே தகரத்தை எடுப்பார்கள். எடுத்த பிறகு திரும்பவும் சட்டி. ஊசி ஒலி மாறாமல் இருந்தால் அடுத்த குழி.

எல்லோருக்கும் பயம்தான். பேச்சு நிற்கவில்லை.

"இது தீவாளிக்கு முந்தி போட்டது. அஞ்சு கூட. ரெண்டு கூடன்னு மண்டோரு எழுதினாரு," என்றார் அஞ்சலை.

"அப்ப ஒங்க புருசனுக்கே கணக்குத் தப்பு."

"ஆமா. அதுக்கு வேணும்னா லாக்கப்புல போடட்டும்."

சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தார். கை தகரத்தை எடுத்துக்கொண்டே இருந்தது.

பதினொரு மணிக்குப் போலீஸ் துரையின் ஜீப் வந்தது. நான்கு மணி நேரத்தில் நூற்றைம்பது அடிகூடப் போகவில்லை. ரோடு இரண்டு நாளாக அடைத்துக் கிடக்கிறது, தோட்டத்தில் வேலை நின்றுவிட்டது, பகல் பன்னிரண்டுக்குள் ரோடு சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். மாட்டேன் என்றேன். உன் சட்டையைக் கழற்றிவிடுவேன் என்றார். வேலையை விட்டு நீக்குவதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். சட்டை அந்த மரத்தடியில் மடித்து வைத்திருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம் என்றேன். யூசோப் துப்பாக்கியைத் தரையில் வைத்தான். தன் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினான். துரை எங்கள் இருவரையும் பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போனார். செவ்வாயன்று பள்ளத்தைத் தாண்டிப் போனதைப் போலவே, எங்களைத் தாண்டி வேலைக்காட்டுப் பக்கம், இன்னும் தேடாத ரோட்டின் மேட்டுப் பக்க ஓரமாக ஓட்டிப் போனார். திரும்பி வந்ததும் அதே தடம்.

இரண்டு மணி இருபத்தைந்து. பதினேழாவது குழி. செவ்வாய்க்கிழமைப் பள்ளத்துக்கு நாற்பதடி அப்பால். ரோட்டின் மேட்டுப் பக்கம். அஞ்சலை அடுத்தது என்று வாய் திறந்தார். சொல்லவில்லை. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"நில்லுங்க! தம்பி, நில்லு!"

நின்றேன். ஒரு கால் தூக்கியபடி.

"அது எங்க குழி இல்ல."

எப்படித் தெரியும் என்று திரும்பாமலே கேட்டேன். அவர் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். மங்குச் சில்லு மேலே தெரிகிறது. முனை மேலே பார்க்கிறது. நாங்கள் சில்லை அடியில் போடுவோம். அதற்கு மேல் பீலி. அதற்கு மேல் லாலாங் புல். அதற்கு மேல்தான் மண். இந்த ரோட்டில் நாங்கள் செருப்பில்லாமல் நடக்கிறோம். எங்கள் காலுக்கு நாங்களே சில்லு வைப்போமா?

"பூட்சு போட்டவன் போட்ட குழி இது."

தூக்கிய காலைப் பின்னால் வைத்தேன். மண்ணைப் பார்த்தேன். மேல் மண்ணில் மழைத்துளி குத்திய தழும்புகள். காய்ந்து இறுகியவை. கடைசியாக மழை பெய்தது ஞாயிற்றுக்கிழமை. அது அதற்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் நான் அதன் மேல் சுத்தம் என்று எழுதியிருக்கிறேன். குழியின் ஓரத்தில் ஜீப்பின் டயர் தடம். இடைவெளி ஒரு சாண்.

சட்டியைக் கைநீளத்துக்கு நீட்டினேன். ரப்பர் கொட்டை தரையைத் தொட்டது. ஒலி ஏறியது. நீளமாக. கிழியவில்லை. இறங்கியது. குறுக்கே வந்தேன். அதே நீளம். இந்தக் குழியில் பீலி கொஞ்சம்தான் இருந்தது. மேலே சில்லு போட்டதே அடைத்த குழி மாதிரி காட்டப் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். சில்லுக்குக் கருவி கத்தாது.

யூசோப்பைக் காவல் கொட்டகைக்கு அனுப்பினேன். மூன்று பத்துக்குப் போலீஸ் துரை வந்தார். வெடியை எடுக்கச் சிரம்பானிலிருந்து ராணுவத்தார் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்துவிட்டால் கருவியைக் குழிமேல் வைத்துக் காட்ட முடியாது. அதனால் அப்போதே சொன்னேன். ஹெட்போனைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போட்டுக்கொண்டார். குழிக்கு நான்கடி. கழி என் கையில். ஒலித் திருகைக் குறைத்தேன்.

"இது செவ்வாய்க்கிழமை அளவு," என்றேன்.

சட்டியைக் குழியின் மேல் பிடித்தேன். எண்ணிப் பத்து நொடி. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்றார். கழியைப் பின்னுக்கு இழுத்து, சமன் பார்த்து, ஒலியைக் கூட்டினேன்.

"இது இன்றைய அளவு."

திரும்பவும் நீட்டினேன். அவர் ஓரடி பின்னால் போனார். ஹெட்போனைக் கழற்றவில்லை. கீழே டயர் தடத்தைப் பார்த்தார். அது யாருடையது என்று கேட்கவில்லை. அஞ்சலை இருபதடியில் நின்றார். சொல்லுங்க தம்பி என்றார். அவர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னேன். சில்லு. வெறுங்கால். பூட்ஸ். மழைத் தழும்பைக் காட்டி, இருபத்திரண்டு நிமிடம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை நானாகச் சேர்த்தேன். துரை தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தார். தேதியும் மணியும் போடச் சொன்னேன். போட்டார்.

நான்கு ஐம்பதுக்கு ராணுவத்தார் அதை இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். ஜப்பான்காரன் காலத்து ஷெல். பள்ளம் நான்கடி ஆழம். பெண்கள் லயத்து வேலிக்குள் நின்று சத்தத்தைக் கேட்டார்கள். யாரும் காதைப் பொத்தவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் காகிதம் போகவில்லை. சனிக்கிழமை மாலை அரிசி ஏற்றி வந்த லாரியில் சின்னையா வந்தார். பெண்களுக்கு அந்த வார அரிசியும் அதே லாரியில் வந்தது. ரோட்டின் மீதிக் குழிகளை அவர்கள் தோண்டி முடிக்க இன்னும் ஒன்பது நாள் ஆனது. அதுவரை எந்த லாரியும் போகவில்லை. அதன் பிறகு குழிகளுக்குக் கல் வந்தது.

இழந்தவை.

டிரைவர் வேலு. முப்பத்தாறு வயது. இருசாயி. ஐம்பதுக்கு மேல். செல்லாயி. பத்தொன்பது. மங்கம்மா. இருபத்தெட்டு. இந்த நான்கு பேர் உயிர்.

முனியம்மாவின் வலது கண். பாக்கியத்தின் இரண்டு விரல்கள். மாரியாயிக்கு அதன் பிறகு நடக்க ஒரு கம்பு தேவைப்பட்டது. மற்ற இரண்டு பேர் தேறி வேலைக்குத் திரும்பினார்கள். அஞ்சலைக்கு இடது காது கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவில்லை.

மண்டோர் சின்னையா. முன்வரிசைப் பல் இரண்டு. எங்கே போயின என்று அவர் சொல்லவில்லை.

மங்கம்மாவின் இடது கால் கிடைக்கவில்லை. அது இல்லாமலே புதைத்தோம். அந்தக் காலின் விரலில் வெள்ளி மெட்டி இருந்தது என்று அவள் கணவர் சொன்னார். ஒலியை முழுக்கத் திறந்து வைத்து, ரோட்டின் இரு பக்கமும் மரத்தடி மரத்தடியாக நான்கு நாள் தேடினேன். இருபத்தேழு பீலிகள் கிடைத்தன.